மீத்திறன் மாணவரும் அரசுப் பள்ளியும்: கேள்வி பதில்

கேள்வி (ஓர் ஆசிரியை): வகுப்பில் முதல் மதிப்பெண் பெறுபவரையே மீத்திறன் மாணவர், அதாவது வயதுக்கு மிஞ்சிய திறன் உள்ளவர், என்று கொள்ளலாமா?

பதில்: பல வேளைகளில் அவராகவே இருக்கக்கூடும், ஆனால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால், தெரிந்த பாடத்தையே மீண்டும் கேட்டுச் சலித்து ஏட்டைப் பாதியில் மூடிவைக்கும் மாணவர் நம் கண்ணில் படாமலே போய்விடுவார். சராசரிக்கு மேற்பட்ட திறன், எடுத்த வேலையில் ஈடுபாடு, படைப்பாற்றல் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில்தான் மீத்திறன் வெளிப்படுகிறது என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜோசப் ரென்சுல்லி 1978இல் எழுதினார். அந்த ஈடுபாடு பிடித்த வேலை கிடைத்த பிறகே பலரிடம் தெரியவரும் என்பதால், முதலில் வாய்ப்பைக் கொடுத்துப் பிறகு கணிப்பதே முறை என்று கருதுகிறேன்.

கேள்வி (ஒரு தந்தை): நுண்ணறிவுத் தேர்வு (ஐ.க்யூ. தேர்வு) ஒன்றை வைத்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது. 1921இல் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஆய்வுக்கு அத்தகைய தேர்வின் அடிப்படையில் 1,500க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் தெரிவு செய்யப்பட்டனர். சோதிக்கப்பட்டும் அதில் இடம்பெறாத வில்லியம் ஷாக்லி, லூயிஸ் அல்வாரெஸ் இருவரும் பிற்காலத்தில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். தேர்வே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துப் பெரிய பள்ளி மாவட்டம் ஒன்றில், ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்தவர்களை மட்டும் சோதிப்பதை விட்டு ஒரு வகுப்பின் எல்லா மாணவரையும் சோதித்தபோது, ஏழை மாணவர்கள் முன்னைவிட அதிகமாகக் கண்டறியப்பட்டனர்.

கேள்வி (கணித ஆசிரியர்): 40 பேர் உள்ள வகுப்பில் ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் முன்பே முடித்துவிடுகிறார். என்ன செய்வது?

பதில்: அதே வகைக் கணக்கை இன்னும் பத்து கொடுக்காதீர்கள், விரைவாக முடித்ததற்குத் தண்டனை என்றே அவர் அதைப் புரிந்துகொள்வார். நாள்தோறும் அவரைத் துணை ஆசிரியராக அமர்த்துவதும் அவருடைய கல்வி ஆகாது. பாடம் தொடங்கும் முன்பே அதன் இறுதித் தேர்வை அவருக்கு வைத்துப் பார்த்து, தெரிந்த பகுதிகளிலிருந்து விலக்கு அளித்து, அந்த நேரத்தில் ஆழமான வேலை ஒன்றைக் கொடுங்கள். பின்னம் நடத்தும்போது, 1/7ஐத் தசமமாக்கினால் 142857 என்னும் ஆறு இலக்கங்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தேடச் சொல்லலாம். 7ஆல் வகுக்கையில் பூச்சியம் தவிர ஆறு மீதிகளே வர இயலும் என்பதை அவரே கண்டுபிடிக்கட்டும். இதற்குத் தனி நிதி வேண்டியதில்லை, ஆனால் அவர் செய்ததை வாரம் கால்மணி நேரமாவது நீங்கள் உடனமர்ந்து பார்க்க வேண்டும்.

கேள்வி (ஒரு தாய்): வாயால் அருமையாக விளக்கும் என் மகன், எழுதினால் பிழை மலிந்திருக்கிறது.

பதில்: மீத்திறனும் கற்றல் குறைபாடும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம். இரண்டையும் தனித்தனியே மதிப்பிடச் செய்யுங்கள்.

கேள்வி (தலைமையாசிரியர்): டபுள் புரமோஷன் (ஒரு வகுப்பைத் தாண்டி மேல்வகுப்பில் சேர்ப்பது) கொடுக்கலாமா?

பதில்: மாணவர் விரும்பினால் கொடுக்கலாம், தகுந்தவர்களுக்கு அதனால் படிப்பு உயர்கிறது என்றும், மனநலத்துக்குப் பொதுவாகக் கேடு விளைவதில்லை என்றும் பல பத்தாண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. தயக்கம் இருந்தால், ஒரு பாடத்துக்கு மட்டும் மேல்வகுப்புக்கு அனுப்புங்கள். கால அட்டவணையில் இரு வகுப்புகளுக்கும் அப்பாடம் ஒரே வேளையில் வருமாறு நீங்கள்தான் அமைத்துத் தர வேண்டும்.