பனோம் ரூங் யார் கட்டிய கோயில்?

அன்புள்ள ஐயா,

பாங்காக்கில் வேலை பார்க்கிறேன். போன வார இறுதியில் நண்பர்களோடு புரிராம் மாகாணத்தில் உள்ள பனோம் ரூங் கோயிலுக்கும், அப்படியே பிமாய்க்கும் போய்வந்தேன். குன்றின்மேல் ஆடும் சிவனைப் பார்த்ததும் சிலிர்த்துவிட்டது. கூட வந்தவர்கள் இது சோழர் கட்டியது என்றார்கள். வாட்ஸப்பிலும் அப்படித்தான் வருகிறது. உண்மையா? பூஜை நடக்காத கோயிலில் கும்பிடலாமா?

ரா., பாங்காக்

அன்புள்ள ரா.,

சோழர் கட்டியதல்ல, கம்போடியாவை ஆண்ட கெமர்கள் கட்டியது. நீங்கள் பார்த்த மையக் கோயிலை 12ஆம் நூற்றாண்டில் எழுப்பியவர் நரேந்திராதித்யர். அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் உறவினர். அவருடைய மகன் ஹிரண்யரின் சமஸ்கிருதக் கல்வெட்டு அங்கேயே கிடைத்திருக்கிறது. இவ்வளவு தெரிந்த பிறகும் அதைச் சோழர் கணக்கில் எழுதுவது அந்தச் சிற்பிகளுக்குச் செய்யும் அநியாயம். சிவபக்தி கடல் கடந்து போனது உண்மைதான். போன இடத்தில் அதை ஏற்றவர்கள் தங்கள் கண்ணால் பார்த்துத் தங்கள் கையால் செதுக்கினார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம். அந்தச் சிவனுக்குப் பத்துக் கைகள்; நம் நடராஜருக்குள்ள திருவாசி கிடையாது. தமிழ்த் தொடர்பைத்தான் பார்க்க வேண்டும் என்றால் கம்போடியாவில் பாந்தே ஸ்ரீக்குப் போங்கள். ஆடும் சிவனின் பக்கத்தில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

பனோம் ரூங்கில் சிவனுக்கு நேர் கீழே, வாசலின் மேல் பள்ளிகொண்ட பெருமாள் இருக்கிறாரே, கவனித்தீர்களா? அந்தக் கல் 1960களில் களவுபோய், பிறகு சிகாகோ கலைக்கூடத்தில் இருந்தது. தாய்லாந்து மக்கள் விடாமல் கேட்டு 1988இல் மீட்டார்கள். களவுபோன பத்தூர் நடராஜர் சிலைக்காக லண்டன் நீதிமன்றம்வரை போன நமக்கு அவர்களின் தவிப்பு புரியும். அவர்களில் பெரும்பாலோர் பௌத்தர்கள். ஆண்டுதோறும் ஏப்ரலில் விழா எடுத்து அந்தக் குன்றில் ஏறுகிறார்கள்.

அதனால் தாராளமாகக் கும்பிடுங்கள். கருவறையில் லிங்கம் இருக்கிறது. அபிஷேக நீர் வடக்கே வெளியேறக் கல்லில் வெட்டிய கால்வாயும் உண்டு. பால் ஊற்றுவது, குங்குமம் பூசுவது மட்டும் வேண்டாம். பழைய மணற்கல் தாங்காது. பிமாயையும் சிவன் கோயில் என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். அது மகாயான பௌத்தக் கோயில்.

இன்னொன்று. ஒரே வார இறுதியில் இரண்டு ஊரும் என்றால் பாதி நேரம் காரிலேயே போய்விடும். அடுத்த முறை பிமாயை விட்டுவிட்டு, குன்றடிவாரத்தில் இருக்கும் முவாங் தாம் கோயிலைப் பாருங்கள். நான்கு மூலைகளிலும் குளங்கள், கரைகளில் நீண்டு கிடக்கும் கல் நாகங்கள். பலர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் போக முடிந்தால் இன்னும் நல்லது. அந்தச் சில நாட்களில் உதிக்கும் சூரியன் பனோம் ரூங்கின் பதினைந்து வாசல்களையும் ஊடுருவித் தெரியும். முதல் நாள் இரவே பக்கத்து ஊரான நாங் ரோங்கில் தங்கிவிடுங்கள். பாங்காக்கிலிருந்து கிளம்பி விடியலுக்குள் போய்ச் சேருவது கஷ்டம்.