வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் தங்களுக்குள் மாற்றிக் குடித்துப் பார்ப்பதால் உண்மையிலேயே பயன் உண்டா? எப்படிச் செய்தால் சரியாக இருக்கும்?

உண்டு. ஆனால் குடித்தவர் "கொள்ளாம்" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்தால் ஒரு பயனும் இல்லை.

"கொள்ளாம்" எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துச் சொல். நன்றாக இருக்கிறது, பரவாயில்லை, மோசமில்லை, சொல்ல ஒன்றுமில்லை, எதிரே நிற்பவர் மனம் நோகக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். மீன் குழம்பும் கொள்ளாம், மாப்பிள்ளையும் கொள்ளாம். என் பீர் ஆறு வருடம் கொள்ளாமாகவே இருந்தது.

நான் மெல்பர்னில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கருங்கல் பக்கம். ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்கத் தடையில்லை, விற்கத்தான் கூடாது. நம்மூரில் அப்படியில்லை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன்படி இங்கே வீட்டில் தயாரிப்பதே குற்றம். அதனால் ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள் வாளியை எடுக்க வேண்டாம். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கள்ளுக்கடை, இந்தப் பக்கம் 1987-லிருந்து கள்ளுக்கே தடை. 1956 நவம்பர் 1 வரை இரண்டு பக்கமும் ஒரே மாநிலமாக இருந்த பூமி இது. சரி, அது வேறு கதை.

போன கிறிஸ்துமஸுக்கு நாங்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் ஊரில் இருந்தோம். நான், ஜெர்மனியில் இருக்கும் சித்தப்பா மகன், கனடாவில் இருக்கும் அத்தான், அதாவது என் அக்கா மாப்பிள்ளை. மூன்று பேருக்கும் இதே பைத்தியம். ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்து மாற்றிப் பார்ப்பது என்று வாட்ஸ்அப்பில் முடிவானது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் தீர்வையில்லாமல் இரண்டு லிட்டர் மதுதான் கொண்டுவரலாம். என்னுடையது 330 மில்லி பாட்டில், ஆறு போட்டால் 1.98 லிட்டர், கச்சிதம். ஜெர்மனிக்காரனுடையது அரை லிட்டர் பாட்டில், நான்கு. கனடாவில் வழக்கமான பாட்டில் 341 மில்லி. ஆறு வைத்தால் 46 மில்லி கூடிவிடும் என்று அத்தான் ஐந்தோடு நிறுத்திக்கொண்டார். அந்த 46 மில்லிக்காக யார் அவரை மடக்கப் போகிறார்கள் என்று ஜெர்மனித் தம்பி கேட்டான். அத்தான் அப்படிப்பட்ட மனிதர்.

பீர் என்றதும் சிலருக்குச் சாராயம் காய்ச்சுவது நினைவுக்கு வரும். இதில் காய்ச்சி வடிப்பதே கிடையாது. முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, இறங்கும் இனிப்புச் சாற்றைக் கசப்புத் தரும் ஹாப்ஸ் பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் போட்டு நொதிக்க விடுவது, அவ்வளவுதான். கடைசியில் பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு ஆறு ஏழு கிராம் சர்க்கரை சேர்ப்போம். உள்ளே மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை உண்டாக்கும். அதனால் அடியில் எப்போதும் ஒரு வண்டல் படிந்திருக்கும். இது பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாட்டில் வீணாய்ப் போனது. டிசம்பர் என்றாலும் எங்கள் ஊரில் மத்தியானம் முப்பது டிகிரி இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு அத்தான் மூடியைத் திறந்தார். நுரை மச்சு வரைக்கும் போனது, அம்மா துவைத்து வைத்திருந்த ஜன்னல் திரையும் நனைந்தது. சூடான பீரில் வாயு அடங்கி நிற்காது. ஒரு நாள் முழுக்கக் குளிரில் நிமிர்த்தி வைத்தால்தான் வாயுவும் உள்ளே இருக்கும், வண்டலும் அடியில் தங்கும். ஃபிரிட்ஜிலோ கேக்கும் இறைச்சியும். கடைசியில் குளச்சலிலிருந்து மீன் ஐஸ் வாங்கி, ஒரு தெர்மோகோல் பெட்டியில் போட்டுப் பாட்டில்களை நிறுத்தினோம். அது ஏற்கெனவே சாளை மீன் இருந்த பெட்டி என்பது மறுநாள்தான் தெரிந்தது. பாட்டிலைத் தேங்காய்நார் போட்டுத் தேய்த்துக் கழுவியும் கையில் மணம் போகவில்லை. சுவை பார்க்கிற நாளில் கையில் மீனும் சென்ட்டும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

டம்ளர் விஷயத்திலும் அடி வாங்கினோம். அம்மா அன்போடு எடுத்து வைத்தது பால் குடிக்கிற கண்ணாடி டம்ளர்கள். கொழுப்போ சோப்போ துளி ஒட்டியிருந்தாலும் நுரை நிற்காமல் படுத்துவிடும். வெந்நீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்தோம். இடையிடையே வாய் மாற்ற அங்கே ரொட்டித் துண்டு வைப்பார்கள். இங்கே உப்புப் போடாமல் அவித்த மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு வைத்தோம். ரொட்டியைவிட அதுதான் நல்லது என்பது என் கட்சி. மீன் குழம்பைக் கண்ணில் காட்டக் கூடாது என்று அம்மாவிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. மரச்சீனிக்கு மீன் குழம்பு இல்லையா என்று அவளுக்கு ஒரே வருத்தம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். யார் பீர் எது என்று தெரியாமல் குடிக்க வேண்டும். தெரிந்தால் நாக்கு வேலை செய்யாது, உறவுமுறைதான் வேலை செய்யும். அத்தானிடம் போய், "உங்க பீர்ல ஆஸ்பத்திரி மணம் அடிக்குது" என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? எங்கள் மயினி, அதாவது அண்ணி, அடுக்களையிலேயே ஊற்றி, டம்ளர் அடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதிய காகிதம் ஒட்டி, தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். "இதுக்கா இவ்வளவு பாடு" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுத்தாள். ஒரு டம்ளரில் நூறு மில்லிக்கும் குறைவாக ஊற்றினால் போதும்.

தம்பியுடையது கோதுமை பீர். கலங்கலாக இருந்ததால் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என்னுடையதும் அத்தானுடையதும் பேல் ஏல் என்கிற ஒரே வகை, ஒரே நிறம். அங்கேதான் வேடிக்கை நடந்தது. இரண்டாம் எண் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனதும் எனக்குக் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி மணம் வந்தது. இது நம்முடையதுதான், பயணத்தில் கெட்டுவிட்டது என்று நினைத்து, "சீ, இது என்ன, ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி" என்று தாராளமாகத் திட்டினேன். மயினி காகிதத்தைப் பார்த்துவிட்டு, "அது அத்தானுக்க" என்றாள். அடுக்களையில் அக்கா சிரித்தது எல்லோருக்கும் கேட்டது.

அத்தான் கோபப்படவில்லை. இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு, வீடு மாறிய பிறகு குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக் காய்ச்சியதாகச் சொன்னார். காரணம் அதேதான். தண்ணீரில் இருக்கும் குளோரின், பீரில் இயல்பாக இருக்கும் ஃபீனால்களோடு சேர்ந்தால் அந்த மணம் வரும், மிகச் சிறிய அளவே போதும். குளோரினைப் போக்கக் காம்ப்டன் மாத்திரை என்று ஒன்று இருக்கிறது, பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட். ஒரு மாத்திரை சுமார் 75 லிட்டர் தண்ணீருக்கு வரும். இருபது லிட்டர் காய்ச்சுகிறவருக்கு அரை மாத்திரையே அதிகம். யாருடையது என்று தெரிந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவரும் அதே தண்ணீரில் இன்னும் பத்துத் தடவை காய்ச்சியிருப்பார்.

மார்க் போடுவதையும் முயன்று பார்த்தோம். 1985-ல் அமெரிக்காவில் தொடங்கிய பிஜேசிபி என்ற நடுவர் அமைப்பின் தாளில் மொத்தம் 50 மார்க். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் நிற்கும் பாங்குக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. போட்டிக்கு அது நல்ல முறைதான். எங்களைப் போல மூன்று பேர் திண்ணையில் உட்கார்ந்து போட்டால் எல்லாத் தாளிலும் 36, 37 என்றுதான் வருகிறது. எண்ணாலேயே கொள்ளாம் சொல்கிற வேலை. தாளை மடித்து வைத்துவிட்டோம்.

பிறகுதான் பாட்டா வந்தார். அம்மாவின் அப்பா, வயது 84. நாற்பது வருடம் பனையேறியவர். சர்க்கரை இருப்பதால் குடிக்க மாட்டார். "நான் குடிக்கல மக்கா, மணத்திப் பாக்கேன்" என்று டம்ளரைக் கேட்டார்.

அக்கானி இறக்குகிறவர்களுக்கு மூக்குதான் எல்லாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பதநீரைத்தான் நாங்கள் அக்கானி என்போம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் அதன் காரம் ஈஸ்ட்டைத் தலையெடுக்க விடாது, இனிப்பு இனிப்பாகவே இறங்கும். சுண்ணாம்பு குறைந்தால் பனை உச்சியிலேயே கள்ளாகத் தொடங்கிவிடும், கூடினால் வாயில் கரிக்கும். கீழே இறக்கியதும் பத்துக் கலயத்தையும் ஒவ்வொன்றாக மணத்திப் பார்த்து, இது காய்ச்சலாம், இதில் கருப்பட்டி உறையாது, பழைய கலயத்தைச் சரியாகக் கழுவவில்லை என்று பாட்டா பிரித்து வைப்பாராம். நாங்கள் நொதிக்க வைக்கப் படும் பாட்டை அவர் நொதிக்காமல் இருக்கப் பட்டிருக்கிறார்.

முதல் டம்ளர் தம்பியுடைய கோதுமை பீர். மணத்திவிட்டு, "மட்டிப்பழம் போட்டியா?" என்றார். இல்லை என்றான். "அப்போ கிராம்பு?" அதுவும் இல்லை என்றான். பாட்டா நம்பவில்லை. தம்பிக்கோ வாயெல்லாம் பல். ஏனென்றால் அந்த வகைக்கு வர வேண்டிய மணமே அந்த இரண்டும்தான். அந்த ஈஸ்ட் நொதிக்கும்போது வாழைப்பழ மணமுள்ள ஐசோஅமைல் அசிட்டேட்டையும் கிராம்பு மணமுள்ள இன்னொரு பொருளையும் தானாகவே உண்டாக்கும். மட்டிப்பழம், கிராம்பு இரண்டுமே எங்கள் மாவட்டத்தின் பெயரில் புவிசார் குறியீடு பெற்றவை என்பது தற்செயல். ஜெர்மனி பீரில் கன்னியாகுமரி மணக்கிறது என்று அன்று முழுக்க அவன் சொல்லிக்கொண்டிருந்தான், தாங்க முடியவில்லை.

அடுத்து என்னுடையது. கொஞ்ச நேரம் மூக்கிலேயே வைத்திருந்தார்.

"லேய், இதுல என்னத்துக்கு நெய்ய விட்டிருக்க?"

எனக்குச் சுரீர் என்றது. வெண்ணெய் மணம் என்றால் டையசெட்டில். புத்தகத்தில் பத்துத் தடவை படித்திருக்கிறேன், என் பீரில் இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. திரும்ப மணந்து பார்த்தேன், அப்போதும் எனக்குச் சரியாக எட்டவில்லை. அத்தானும் தம்பியும், "ஆமா, லேசா இருக்கு, சொல்ல வேண்டாம்னு இருந்தோம்" என்றார்கள். சிலருடைய மூக்குக்கு அந்த மணம் குறைவாகத்தான் தெரியும். எனக்கு அப்படித்தான் போலிருக்கிறது. மாற்றிக் குடிப்பதால் என்ன பயன் என்று கேட்டீர்களே, எனக்குக் கிடைத்த பதில் இதுதான். என் மூக்கை வைத்துக்கொண்டு நான் இன்னும் அறுபது வருடம் தனியாகக் காய்ச்சினாலும் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

காரணம் என் அவசரம். விமான டிக்கெட் தேதி வந்துவிட்டதென்று ஆறாம் நாளே பாட்டிலில் அடைத்தேன். நொதிக்கும்போது டையசெட்டில் உண்டாவது இயல்பு, கடைசிக் கட்டத்தில் ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் ஈஸ்ட்டிலிருந்து பீரைப் பிரித்துவிட்டால் நெய் அப்படியே தங்கிவிடும். இப்போது கடைசியில் இரண்டு மூன்று நாள் ஒன்றிரண்டு டிகிரி சூட்டை ஏற்றி விட்டுவைக்கிறேன். அடைப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனையும் செய்கிறேன். இரண்டு சிறிய பாட்டிலில் கொஞ்சம் பீர் பிடித்து மூடி, ஒன்றை அறுபது அறுபத்தைந்து டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் நிறுத்தி, ஆறியதும் இரண்டையும் மணந்து பார்ப்பது. சூடாக்கியதில் வெண்ணெய் மணம் வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். எனக்குத்தான் மூக்கு கிடையாதே, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு மணக்கச் சொல்கிறேன். அவர்களுக்கு பீர் பிடிக்காது, அதனால் மனம் நோகாமல் சொல்ல வேண்டும் என்ற கவலையும் இல்லை.

ஆகவே நீங்கள் மாற்றிக் குடிக்கும்போது தீர்ப்புக் கேட்காதீர்கள். எதன் மணம் வருகிறது என்று மட்டும் கேளுங்கள். நெய், பச்சை ஆப்பிள், நனைந்த அட்டை, அவித்த சோளம் என்று அவர்களுக்குத் தெரிந்த பொருளின் பெயரைச் சொல்லட்டும். அது எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பது உங்கள் பாடு. முடிந்தால் கூட்டத்தில் ஒரு பாட்டில், ஒரு வாரம் கழித்துத் தனியாக ஒரு பாட்டில் என்று ஆளுக்கு இரண்டு கொடுங்கள். கூட்டத்தில் நாலு பேர் சொல்வது நம் நாக்கிலும் ஏறிவிடும்.

நாங்களும் அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். தம்பி எங்களுக்குத் தந்த இரண்டாவது கோதுமை பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டு, வண்டலோடு மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். மறுநாள் காலையில் ஆப்பம். பழைய காலத்தில் கள்ளு விட்டுத்தான் மாவு பொங்க வைப்பார்கள். இப்போது அதற்கு வழியில்லை, கடை ஈஸ்ட்தான். அம்மா ஈஸ்ட் பாக்கெட் தீர்ந்துவிட்டதென்று இதை எடுத்து மாவில் கொட்டியிருக்கிறாள். விடியும்போது மாவு பாத்திரம் தாண்டி மேடையில் வழிந்து கிடந்தது. ஆப்பம் ஓரம் முறுகி நடுவில் பஞ்சு போல வந்தது. பாட்டா நாலு தின்றார். தம்பியும் அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். சப்புக்கொட்டிக்கொண்டே, என் பீரைப் பற்றி எப்போது எழுதித் தருவாய் என்று கேட்டான். எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.