வீட்டு மிஷினில் குத்தியது என்று சொல்லச் சொன்னார்கள்

கேள்வி: காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் வழியில் உள்ள தையல் யூனிட்டில் ஓவர்லாக் (துணி ஓரம் தைக்கும்) மிஷின் ஓட்டுகிறேன். 60 பேர் இருக்கிறோம். திருப்பூர் கம்பெனி வழியாக ஜெர்மனிக்குப் போகும் குழந்தைச் சட்டைகள். போன வாரம் ஆள்காட்டி விரலில் ஊசி ஏறி உடைந்துவிட்டது. ‘வீட்டு மிஷினில் குத்தியது என்று ஆஸ்பத்திரியில் சொல்லும்மா, செலவை நாங்க பார்த்துக்கிறோம்’ என்றார் சூப்பர்வைசர். அப்படியே சொல்லிவிட்டேன். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடிக்கிறார்கள், அதற்கான அட்டை தரவில்லை. இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். வேலையிடத்து விபத்து என்று பதிவானால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் இ.எஸ்.ஐ. தரும். விரல் மடங்காமலே போனால் மருத்துவக் குழு பார்த்து நிரந்தர ஊன உதவித்தொகை முடிவாகும். ‘வீட்டில் குத்தியது’ என்றால் இரண்டும் போச்சு.

சாட்சி இல்லையே என்று தயங்காதீர்கள். ஏற்றுமதி யூனிட்டில் உடைந்த ஊசிக்கென்றே ஒரு நோட்டு இருக்கும். துண்டுகளைப் பொறுக்கி செல்லோ டேப்பில் ஒட்டி, தேதி, மிஷின் எண், ஓட்டியவர் பெயர் எழுதிய பிறகுதான் புது ஊசி. சட்டைக்குள் துண்டு போய்விடுமோ என்ற பயம். விரலுக்கு அந்த நோட்டில் இடமில்லை. ஒட்டிய ஊசியில் ஒரு துண்டு குறைந்தால், அது உங்கள் எக்ஸ்ரேயில் தெரியும். அந்தப் பக்கத்தைப் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். நோட்டைத் தூக்கி வராதீர்கள், திருட்டு என்பார்கள்.

இன்றே நிர்வாகத்துக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம், நகல் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு. நாள், நேரம், மிஷின் எண், பக்கத்தில் இருந்தவர் பெயர் எல்லாம் வேண்டும். விரல் ஊசிக்குள் போகாமல் மிஷினில் மாட்டும் தடுப்பு (ஃபிங்கர் கார்டு) இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். நூல் கோர்க்க இடைஞ்சல், பீஸ் குறையும் என்று கழற்றி வைப்பது வழக்கம். ஆஸ்பத்திரியில் மாற்றிச் சொன்னதை மறைக்காமல், யார் சொல்லச் சொன்னார் என்று சேர்த்து எழுதுங்கள். விபத்து அறிக்கை அனுப்புவது நிர்வாகத்தின் பொறுப்பு. அனுப்பாவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் கொடுக்கலாம்.

இ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. பிடித்ததைக் கட்டாதது அவர் குற்றம். உங்களுக்குரியதைக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்க இ.எஸ்.ஐ.க்கு அதிகாரம் உண்டு. சம்பளச் சீட்டு பத்திரம்.

ஜெர்மனியில் 2023 முதல் நடப்பிலுள்ள சப்ளை செயின் சட்டப்படி பெரிய கம்பெனிகள், துணைப் பட்டறைகளைப் பற்றிய புகாரையும் வாங்க வழி வைத்திருக்க வேண்டும். சட்டை லேபிளையும் ஆர்டர் எண்ணையும் குறித்து வையுங்கள். இழப்பீடு அங்கிருந்து வரும் என்று எண்ண வேண்டாம். ஆனால் மிஷினில் கழற்றிய விரல் தடுப்பு மறுபடி மாட்டப்படலாம்.

வெள்ளைத் தாளில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், எந்தத் தேதியில், யார் முன்னால் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.