காலை பஸ்ஸும் கலங்கும் வயிறும்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன், வயது 36. தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறேன். கிளம்புவதற்குள் மூன்று முறை கழிப்பறைக்குப் போகவேண்டியிருக்கிறது. உப்புசம், வலி, போய்வந்தால் கொஞ்சம் தணிகிறது. ஒரு வருடமாக இதே பாடு. பரிசோதனைகள் எல்லாம் பார்த்துவிட்டு ‘ஐபிஎஸ்’ (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், எரிச்சல் குடல் நோய்) என்று டாக்டர் சொன்னார். காரத்தை அடியோடு விட்டும் பலனில்லை. பாலை நிறுத்து, கோதுமையை நிறுத்து, மீனை நிறுத்து என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பஸ்ஸுக்குப் பயந்து காலையில் வெறும் டீயோடு கிளம்புகிறேன். அப்புறம் இரண்டு மணிக்குச் சாம்பார் சாப்பாடு, மாலையில் சுண்டல், இரவு சப்பாத்தி, ஞாயிறு மீன் குழம்பு. எதைத்தான் சாப்பிடுவது?

பதில்: முதலில் மீனை விடுவிக்கிறேன். சங்கராவோ நெத்திலியோ உங்கள் குடலை ஒன்றும் செய்வதில்லை. குழம்பில் மீனைச் சுற்றி மிதக்கிற சின்ன வெங்காயத்தையும் பூண்டையும்தான் நான் சந்தேகப்படுவேன்.

வெங்காயம், பூண்டு, கோதுமை இவற்றில் ஃப்ரக்டான் என்ற ஒருவகை மாவுச்சத்து இருக்கிறது. பருப்பு, கொண்டைக்கடலையில் அதற்கு நெருங்கிய இன்னொன்று. பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் தங்கிவிடும் இந்தக் கூட்டத்துக்கு ‘ஃபாட்மேப்’ என்று பெயர். இவை தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகின்றன. அங்குள்ள கிருமிகள் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. இது எல்லோர் வயிற்றிலும் நடப்பதுதான். ஐபிஎஸ் உள்ளவர்களுக்குக் குடல் நரம்புகள் கூருணர்ச்சி கொண்டவை, அதனால் அதே அளவு வாயு வலியாகத் தெரிகிறது. காரமும் சிலருக்குத் தொல்லை தரும். ஆனால் விட்டுப் பார்த்தும் மாறவில்லை என்றால் அதை மட்டும் பிடித்துத் தொங்குவதில் அர்த்தமில்லை.

இந்த ஃபாட்மேப் சத்துகள் நாள் முழுக்கக் கூடிக்கொண்டே போகும் என்பதுதான் பலரும் கவனிக்காத விஷயம். உங்கள் பட்டியலில் மதியம் பருப்பும் வெங்காயமும், மாலையில் கடலை, இரவில் கோதுமை. தனித்தனியாக வந்தால் வயிறு பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் மறுநாள் காலையில்தான் கணக்குத் தீர்க்கும்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. நான்கு முதல் ஆறு வாரம் இவற்றைக் குறைப்பது, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. நம் சமையலுக்கு இது கஷ்டம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோறு நம் பக்கம் இருக்கிறது. அரிசி வயிற்றில் வாயுவைக் கிளப்புவது மிகக் குறைவு. இரவு சப்பாத்திக்குப் பதில் சோறோ இடியாப்பமோ சாப்பிடுங்கள். முருங்கைக்காயோ மீனோ போட்டுப் புளிக்குழம்பு, நீர்த்த மிளகு ரசம், கேரட், வெண்டைக்காய், கத்தரிக்காய். பருப்பு வேண்டுமென்றால் பாசிப்பருப்பு, ஒரு கரண்டி. சுண்டலுக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. பண்ருட்டிப் பக்கத்து உறவினர்கள் முந்திரியை அள்ளிக் கொடுப்பார்கள். அதிலும் இதே ஃப்ரக்டான்தான், இப்போதைக்கு வாங்கி எடுத்துவையுங்கள்.

பூண்டு வாசம் இல்லாமல் எப்படி என்று வீட்டில் கேட்பார்கள். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயில் நான்கு பல் பூண்டைத் தட்டாமல் முழுசாகப் போட்டுச் சிவக்கவிடுங்கள். பூண்டை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயிலேயே கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளியுங்கள். வாசம் குழம்புக்கு, பூண்டு வேறு யாருக்காவது. புளித்தண்ணீர் ஊற்றிய பிறகு எடுத்தால் பிரயோஜனமில்லை, அதற்குள் இறங்கிவிடும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கிப் போடலாம்.

காலையில் பட்டினி கிடப்பதை நிறுத்துங்கள். வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும், அது இயற்கை. வெறும் வயிற்றில் டீ குடித்துவிட்டு இரண்டு மணிக்கு ஒரேயடியாகச் சாப்பிட்டால் அந்த அசைவும் வேகமாகத்தான் இருக்கும். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்து இரண்டு இட்லி சாப்பிடுங்கள். சாம்பார் வேண்டாம், வெங்காயம் சேர்க்காத தேங்காய்ச் சட்னி போதும். டீயை நாளுக்கு இரண்டோடு நிறுத்துங்கள், அதுவும் சாப்பிட்ட பிறகு. தயிரில் பாலைவிட லாக்டோஸ் குறைவு, நீர்மோராகக் கொஞ்சம் சேர்க்கலாம்.

கோதுமையை விடுவதற்கு முன் ஒன்று. கோதுமையிலுள்ள புரதம் குடலைப் பாதிக்கிற சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை உங்கள் ரிப்போர்ட்டுகளில் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். கோதுமையை நிறுத்திய பிறகு எடுத்தால் முடிவு தவறாக வரலாம். மலத்தில் ரத்தம், எடை குறைவு, காய்ச்சல், இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, இவற்றில் எது வந்தாலும் உணவுப் பரிசோதனையை மூடிவைத்துவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். ஏற்கெனவே மெலிந்த உடம்பு அல்லது சர்க்கரை நோய் என்றால் உணவியல் நிபுணர் துணையில்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

ஆறு வாரம் கடைப்பிடித்தும் மாற்றமே இல்லையென்றால் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடுங்கள். எல்லோருக்கும் இது கேட்பதில்லை. குறைந்திருந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். வெங்காயம் முதலில்: ஒரு நாள் ஒரு ஸ்பூன், மறுநாள் இரண்டு, மூன்றாம் நாள் வழக்கமான அளவு. பிறகு இரண்டு மூன்று நாள் விட்டு, பூண்டு. அப்புறம் பருப்பு, கோதுமை, பால். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் மாட்டும், மற்றதெல்லாம் தட்டுக்குத் திரும்பிவிடும். தொல்லை தந்தாலும் பஸ்ஸில் தவிக்காமல் இருக்க, அந்த மூன்று நாளும் லீவு நாட்களாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.