டிக்கெட் இல்லாத ஆற்றங்கரையில் ஆட்களை எண்ணுவது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் ஆற்றை மக்கள் பொழுதுபோக்குக்காக எந்த அளவு பயன்படுத்துகிறார்கள் என்று எப்படி மதிப்பிடுவது?

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம். நண்பர்கள் சிலர் சேர்ந்து பெண்ணையாற்றங்கரையில் இந்தக் கணக்கை எடுத்திருக்கிறோம். அதை வைத்துச் சொல்கிறேன்.

புதுச்சேரிப் பக்கம் நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறை இருக்கிறது. அங்கே டிக்கெட் உண்டு, அதனால் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கும் தானாகவே இருக்கும். பெண்ணையாற்றில் யார் வேண்டுமானாலும் இறங்கலாம், யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு படித்துறையோ தெருவிளக்கோ கேட்டால் "அங்க யார் வரப் போறாங்க?" என்று பதில் வருகிறது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. தினமும் வந்து போகிற மக்கள் எந்தக் காகிதத்திலும் இல்லை. அவர்களைக் காகிதத்தில் கொண்டுவருவதுதான் உங்கள் வேலை என்று நினைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

நாள் முழுக்கக் கரையில் உட்கார வேண்டியதில்லை. எண்ணும் நாளையும் நேரத்தையும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். வாரநாள், ஞாயிறு, விடுமுறை என்று தனித்தனியாகக் குலுக்குவது நல்லது. உங்களுக்கு வசதியான நேரத்தில் போனால் உங்களைப் போன்றவர்களைத்தான் பார்ப்பீர்கள். குறித்த நேரத்தில் கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே நடையாக நடந்து, அந்த நேரத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று குறியுங்கள். உதாரணத்துக்கு, காலை 6 முதல் மாலை 6 வரை இப்படி எண்ணியதில் சராசரி 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். 12 மணி நேரத்துக்கு 180 ஆள்-மணி (ஒருவர் ஒரு மணி நேரம் இருந்தால் ஓர் ஆள்-மணி). ஒருவர் சராசரியாக முக்கால் மணி நேரம் இருக்கிறார் என்றால், அன்றைக்கு வந்தவர்கள் சுமார் 240 பேர். எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதை மட்டும் வீடு திரும்புகிறவர்களிடம் கேளுங்கள். கரையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டால், நெடுநேரம் இருப்பவர்களே அதிகம் கண்ணில் படுவார்கள், சராசரி ஏறிவிடும்.

தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவைத் தனிக் கணக்காக வையுங்கள். சுற்றுவட்டாரக் கோயில் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்க, கரை முழுக்கக் கடை போட்டு, சுருளிக்கிழங்கு வாங்காமல் யாரும் வீடு திரும்பாத நாள் அது. அந்தக் கூட்டத்தை மற்ற நாட்களோடு சேர்த்துச் சராசரி போட்டால் எதற்கும் உதவாத ஓர் எண்தான் மிஞ்சும்.

வருடத்தை மாதக் கணக்கில் பிரிப்பதைவிட ஆற்றின் நிலையைப் பார்த்துப் பிரிப்பது எங்கள் பக்கத்து ஆறுகளுக்குப் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வரும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணையைத் திறந்தபோது வந்த வெள்ளத்தை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். வெள்ளம் வடிந்த பின் குளியல், தூண்டில், வலை வீச்சு. கோடையில் வெறும் மணல். அப்போதுதான் பையன்கள் ஆற்றுக்குள்ளேயே ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள், பெரியவர்கள் சாயங்காலம் மணலில் காற்று வாங்குகிறார்கள். தண்ணீர் இருக்கும் நாட்களை மட்டும் எண்ணினால் இவர்கள் எல்லாரும் விட்டுப்போவார்கள்.

அப்புறம், ஒருவருக்கு ஒரு வேலை என்று குறிக்காதீர்கள். துணி துவைக்க வந்த அக்கா, துவைத்துக் காயப்போட்டுவிட்டு, பிள்ளைகள் தண்ணீரில் ஆடும்வரை பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆடு மேய்க்கிற தாத்தா தூண்டிலும் போட்டிருப்பார். பார்த்ததை எல்லாம் குறியுங்கள். "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டால் துணி துவைக்க, ஆடு மேய்க்க என்றுதான் சொல்வார்கள். "இன்னிக்கு இங்க என்னென்ன செஞ்சீங்க?" என்று கேட்டால் எல்லாம் வெளியே வரும். பெண்கள் குளிக்கும் பக்கம் பெண்களே எண்ணட்டும், போட்டோ எடுக்கவே கூடாது. ஆண்கள் நோட்டுப் புத்தகத்தோடு நின்றால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

ஆற்றுக்கு வராதவர்களையும் கேட்க வேண்டும். கரையை ஒட்டிய தெருக்களில் வீடு வீடாகப் போய், முன்பு வந்துகொண்டிருந்து இப்போது நிறுத்தியவர்கள் யார், ஏன் என்று கேளுங்கள். உடைந்த பாட்டில், இருட்டு, கழிவுநீர் என்று காரணங்கள் வரும். எங்கள் கணக்கிலேயே மிகப் பயன்பட்ட பகுதி இதுதான்.

ஓர் இடத்துக்கு வந்து போக மக்கள் செய்யும் பயணச் செலவை வைத்து, அந்த இடத்துக்குப் பண மதிப்பு போடும் முறை ஒன்று உண்டு. 1947இல் ஹோட்டலிங் என்ற பொருளியலாளர் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்காகச் சொன்னது. தூரத்திலிருந்து ஆட்கள் வரும் இடத்துக்கு அது சரி. வீட்டுக்குப் பின்னால் ஆறு இருப்பவர்களுக்குச் செலவே இல்லை, ஆற்றின் மதிப்பும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கரையோர ஊருக்கு நான் அதைப் பயன்படுத்த மாட்டேன்.

எண்ணும்போதே எங்கே யார் தண்ணீரில் இறங்குகிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளி வையுங்கள். 2022 ஜூன் 5 அன்று நெல்லிக்குப்பம் அருகே ஏ.குச்சிப்பாளையத்தில், கெடிலத்தின் தடுப்பணைப் பக்கம் குளிக்கப் போன ஏழு பேர் மூழ்கி இறந்தார்கள். சிறுமிகளும் இளம்பெண்களும். பிள்ளைகள் எந்த இடத்தில் இறங்குகிறார்கள், அங்கே பள்ளம் எங்கே என்று சேர்த்துப் பார்க்கும் ஒரு வரைபடம் ஒவ்வொரு கரையோர ஊருக்கும் வேண்டும். குளிக்கிறவர்கள் அதிகம் என்றால் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுங்கள். குளிப்பதற்கான தண்ணீரில் மொத்தக் கோலிஃபார்ம் (கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) 100 மில்லிலிட்டருக்கு 500க்கு மேல் போகக் கூடாது, பிஓடி (தண்ணீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல்.

உங்கள் ஊர் ஊராட்சி என்றால், மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். கணக்கையும் வரைபடத்தையும் ஒரே தாளில் எழுதி, அன்றைக்குத் தீர்மானமாகக் கேளுங்கள்.