பூனைக்கு வயிறு வீங்கிக் காய்ச்சலும் விடவில்லையா? எஃப்.ஐ.பி. பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஆண் பூனைக்கு ஒன்பது மாதம். இரண்டு வாரமாகக் காய்ச்சல் விடவில்லை, ஆன்டிபயாடிக் ஊசிக்கும் அடங்கவில்லை. முதுகெலும்பு துருத்துகிறது, வயிறு மட்டும் பானை மாதிரி. பூச்சி மருந்து கொடுத்தும் பயனில்லை. மருத்துவர் எஃப்.ஐ.பி. என்கிறார், இதற்கு மருந்தே இல்லை, கருணைக் கொலைதான் வழி என்றும் சொல்கிறார். உண்மையா?
— வாசகி, தாம்பரம்

பதில்: சில ஆண்டுகளுக்கு முன்பு வரை உண்மைதான். எஃப்.ஐ.பி. (Feline Infectious Peritonitis) என்பது பூனைகளுக்குக் கரோனா வைரஸால் வரும் அழற்சி நோய். அமெரிக்காவில் 1963இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இது, அரை நூற்றாண்டுக்கு மேல் பூனைக்கு மரண தண்டனையாகவே இருந்தது. இப்போது அப்படி இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழு ஜிஎஸ்-441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்து, 2019இல் முடிவை வெளியிட்டது. ஐந்து பூனைகள் தொடக்கத்திலேயே இறந்தன அல்லது கருணைக் கொலை செய்யப்பட்டன. 12 வாரம் முடித்த 26 பூனைகளில் 25 பிழைத்துக்கொண்டன. அதன் பின் பல நாடுகளில் வெளியான ஆய்வுகளிலும் பத்துக்கு எட்டு பூனைகளுக்கு மேல் தேறியிருக்கின்றன.

நோய் வரும் விதம் இது. பூனைகளின் குடலில் ஒரு கரோனா வைரஸ் சர்வசாதாரணமாக இருக்கும். பெரும்பாலான பூனைகளுக்கு லேசான வயிற்றுப்போக்கு, அல்லது அதுவும் இல்லை. சிறு பங்கு பூனைகளில் மட்டும் அந்த வைரஸ் உடலுக்குள்ளேயே உருமாறி, வெள்ளணுக்களுக்குள் புகுந்து பெருகுகிறது. ரத்தக் குழாய்கள் அழற்சியில் கசிந்து, வயிற்றிலோ மார்பிலோ மஞ்சள் நீர் கோர்க்கிறது. இது ஈர வகை. நீர் கோர்க்காமல் சிறுநீரகம், கல்லீரல், கண், மூளை ஆகியவற்றில் கட்டிகளாக வந்தால் உலர் வகை. பாதிக்கப்படுபவை பெரும்பாலும் இரண்டு வயதுக்கு உட்பட்டவை. உங்கள் பூனையின் வயது, விடாத காய்ச்சல், மெலிந்த உடலோடு உப்பிய வயிறு மூன்றும் இதற்குப் பொருந்துகின்றன.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இறக்கும் பூனைகளில் பெரும்பாலானவை சிகிச்சையின் முதல் சில நாட்களில்தான் இறக்கின்றன, அதாவது தாமதமாக வந்தவை. “இன்னொரு வாரம் ஆன்டிபயாடிக் பார்ப்போம்” என்பது இந்த நோயில் விலை அதிகமான வாரம். மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவமனை. மார்பு நீரை ஊசியால் எடுத்தாக வேண்டும். வயிற்று நீரைச் சோதனைக்குத் தேவையான அளவு எடுத்தால் போதும். மொத்தமாக வடித்தால் புரதமும் போய், நீர் மறுபடி கோர்த்து, பூனைதான் தளரும்.

கேள்வி: கரோனா ஆன்டிபாடி சோதனையில் ‘பாசிட்டிவ்’ வந்துவிட்டது. இனி சந்தேகமே இல்லைதானே?
— வாசகர், திருச்சி

பதில்: அந்தச் சோதனைக்குக் கொடுத்த பணத்தை மறந்துவிடுங்கள். பல பூனைகள் வாழும் வீட்டில் நல்ல ஆரோக்கியமான பூனைக்கும் அது பாசிட்டிவ் வரும். உருமாறிய வைரஸையும் சாதாரண வைரஸையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது.

பயன்படுவது வேறு. சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே அல்புமின், குளோபுலின் என்ற இரு ரத்தப் புரதங்களின் விகிதம் வரும். 0.4க்குக் கீழ் என்றால் எஃப்.ஐ.பி.க்கு வாய்ப்பு அதிகம், 0.8க்கு மேல் என்றால் மிகக் குறைவு. கூடவே ரத்தசோகை, லிம்ஃபோசைட் (ஒரு வகை வெள்ளணு) குறைவு, பிலிருபின் (மஞ்சள் காமாலை நிறமி) ஏற்றம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். நீர் கோர்த்திருந்தால் அந்த நீர்தான் சிறந்த சாட்சி. வைக்கோல் மஞ்சளில், பிசுபிசுவென, இழுத்தால் நூல் போல நீளும். புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்கு மேல், அணுக்களோ குறைவு. வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்வதானால் ரத்தத்தில் செய்யாமல் இந்த நீரில் செய்யச் சொல்லுங்கள்.

ஆய்வகம் இல்லாத ஊரில் மருத்துவரே ரிவால்டா சோதனை செய்யலாம். சோதனைக் குழாயில் 8 மி.லி. காய்ச்சி வடித்த நீர், அதில் ஒரு சொட்டு அடர் அசெட்டிக் அமிலம், நன்றாகக் கலக்கி, மேலே பூனையின் வயிற்றிலோ மார்பிலோ இருந்து எடுத்த நீரில் ஒரு சொட்டை மெதுவாக வைக்க வேண்டும். சொட்டு கரைந்து மறைந்தால் எஃப்.ஐ.பி. இருக்க வாய்ப்பு குறைவு. உருக்குலையாமல் மேலேயே தொங்கினாலோ ஜெல்லிமீன் போல மெல்ல இறங்கினாலோ பாசிட்டிவ். வயிற்றில் சீழ்த்தொற்று, லிம்ஃபோமா என்ற புற்றுநோய் இருந்தாலும் பாசிட்டிவ் வரும் என்பதால், அதே நீரை நுண்ணோக்கியில் பார்த்து பாக்டீரியாவும் புற்றணுவும் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

கேள்வி: ஜிஎஸ்-441524 மருந்தின் அளவில்தான் குழப்பம். இணையத்தில் ஒருவர் கிலோவுக்கு 6 மி.கி. என்கிறார், இன்னொருவர் 15 என்கிறார். என் பூனை 2.4 கிலோ. 50 மி.கி. மாத்திரை கிடைத்திருக்கிறது. எவ்வளவு கொடுப்பது?
— வாசகர், கோவை

பதில்: இருவர் சொல்வதும் வெவ்வேறு மருந்து வடிவத்துக்கு. 4 முதல் 6 மி.கி. என்பது தோலுக்கடியில் போட்ட பழைய ஊசிக்கான கணக்கு. வாயால் கொடுக்கும்போது குடலில் உறிஞ்சப்படுவது குறைவு என்பதால் அளவு கூடும். அந்த ஊசிக் கணக்கை மாத்திரைக்குப் போட்டுப் பூனையை இழப்பது அடிக்கடி நடக்கிறது.

இன்று பரவலாகப் பின்பற்றப்படும் வாய்வழி அளவு: ஈர வகைக்கும், கண்ணும் மூளையும் பாதிக்கப்படாத உலர் வகைக்கும் கிலோவுக்கு 15 மி.கி., நாளுக்கு ஒரு வேளை. கண் பாதிப்பு இருந்தால் 15 முதல் 20. மூளை, நரம்பு பாதிப்பு இருந்தால் 20, காலையும் இரவும் பாதிப் பாதியாக.

உங்கள் பூனைக்கு 2.4 × 15 = 36 மி.கி. முக்கால் மாத்திரை 37.5 மி.கி. ஆகிறது, சரி. கணக்கு துல்லியமாக வராதபோது சற்றுக் கூடுதலாகவே வையுங்கள், குறைக்க வேண்டாம்.

இனிதான் எல்லோரும் தவறுகிற இடம். மருந்து வேலை செய்தால் பூனை சாப்பிடத் தொடங்கும், எடை ஏறும். ஆறாவது வாரம் 3.1 கிலோ ஆகிவிட்டது என்று வையுங்கள். அதே முக்கால் மாத்திரை இப்போது கிலோவுக்கு 12 மி.கி.தான். தேவைப்படுவது 46.5, அதாவது முழு மாத்திரை. வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, சாப்பாட்டுக்கு முன் எடை பாருங்கள். குழந்தைகளை நிறுக்கும் தராசு இருந்தால் நல்லது. நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறிக் கழித்துப் பார்ப்பதில் கால் கிலோ வரை பிசகும், 2.4 கிலோ உயிருக்கு அது பத்தில் ஒரு பங்கு. ஈர வகையில் முதல் இரண்டு வாரம் எடை குறைவது போலத் தெரிந்தால் அது வற்றுகிற நீராக இருக்கலாம், அதற்காக மருந்தைக் குறைக்காதீர்கள்.

அளவு குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2019 ஆய்விலேயே பாடம் இருக்கிறது. தொடக்க அளவு, ஊசியாக, கிலோவுக்கு 2 மி.கி. எட்டுப் பூனைகளுக்கு நோய் திரும்பியது. அளவை 4 ஆக்கி மீண்டும் கொடுத்த ஐந்தும் தேறின. பழைய அளவிலேயே மறுபடி கொடுத்த மூன்றில் ஒன்று மூளை பாதிக்கப்பட்டுக் கருணைக் கொலை செய்யப்பட்டது, மற்ற இரண்டுக்கும் இன்னொரு முறை நோய் திரும்பி, 4 மி.கி.யில்தான் அடங்கியது.

மாத்திரையின் தரம் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் 2021 முதலும் அமெரிக்காவில் 2024 ஜூன் முதலும் மருத்துவர் சீட்டோடு, மருந்தகத்தில் தயாரித்துத் தரும் முறையில் இது கிடைக்கிறது. கள்ளச்சந்தை மாத்திரைகளின் அட்டையில் மி.கி. இருக்காது, “இத்தனை கிலோவுக்கு ஒன்று” என்றிருக்கும். சோதித்துப் பார்த்தவற்றில் பெரும்பாலும் உள்ளே இருந்த அளவும் அட்டையில் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. மி.கி. போடாத மாத்திரையை வைத்து யாராலும் கணக்குப் போட முடியாது. மருத்துவர் வழியாகவே வாங்குங்கள்.

கொடுக்கும் முறை: தினமும் ஒரே நேரம். கொஞ்சம் மீன் அல்லது ஈர உணவில் மறைத்துக் கொடுக்கலாம். வாயில் போட்டால், பின்னாலேயே சிரிஞ்சில் 3 மி.லி. தண்ணீர் கடைவாய் ஓரமாக விடுங்கள், மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டாது. வாந்தி எடுத்தால் வாந்தியில் மாத்திரை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். கல்லீரல் டானிக், லைசின் பொடி எதுவும் தேவையில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு தராசு வாங்கலாம்.

கேள்வி: சாப்பிடவே இல்லை, மாத்திரையும் உள்ளே போகவில்லை. மனிதர்களுக்கான ரெம்டெசிவிர் போடலாம் என்கிறார்களே?
— வாசகி, மதுரை

பதில்: போடலாம், மருத்துவமனையில் வைத்து. உடலுக்குள் போனதும் ரெம்டெசிவிர் ஜிஎஸ்-441524 ஆகவே மாறுகிறது. ரெம்டெசிவிரைப் பல நாட்டுக் கால்நடை மருத்துவர்களும் பூனைகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதன் மூலக்கூறு எடை ஏறக்குறைய இரு மடங்கு என்பதால் மி.கி.யை மி.கி.யாக ஒப்பிடக் கூடாது. நிலைமையைப் பொறுத்து கிலோவுக்கு 10 முதல் 20 மி.கி., சலைனில் கரைத்து, ரத்தக் குழாய் வழியாக 20–30 நிமிடம் மெதுவாக ஏற்றுவார்கள். சில நாளில் பூனை சாப்பிடத் தொடங்கியதும் மாத்திரைக்கு மாறலாம். தோலுக்கடியில் போட்டால் கடுமையாக வலிக்கும்.

கேள்வி: காய்ச்சலுக்கு வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?
— வாசகர், சேலம்

பதில்: கூடவே கூடாது. பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது. ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனை இழந்து, ஈறு பழுப்பாகிப் பூனை செத்துவிடும். சரியான அளவில் வைரஸ் மருந்து போனாலே இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். இறங்கவில்லை என்றால் அளவோ நோய்க்கணிப்போ தவறு.

கேள்வி: ஐந்தாவது வாரம். நன்றாகத் தேறி வந்த பூனை திடீரென்று பின்னங்கால் தடுமாறி நடக்கிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: மருந்தின் பக்கவிளைவு என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். நோய் மூளைக்கோ தண்டுவடத்துக்கோ போயிருக்கலாம். மருந்து ரத்தத்திலிருந்து மூளைக்குள் குறைவாகவே கடக்கும். உடலைக் குணப்படுத்தப் போதுமான அளவு அங்கே போதாமல் போகிறது. உடனே எடை பார்த்து, நாளுக்குக் கிலோவுக்கு 20 மி.கி. என்ற அளவை இரு வேளையாகப் பிரித்துக் கொடுப்பது குறித்து மருத்துவரிடம் பேசுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மோல்னுபிராவிர் என்ற வைரஸ் மருந்து ஒரு மாற்று, ஒவ்வொரு வேளையும் கிலோவுக்கு 10–15 மி.கி., நாளுக்கு இரு வேளை. அதன் அளவு அதிகமானால் வெள்ளணு குறையும், காது மடல் மடங்கும், மீசை முடி ஒடியும். எனவே ரத்தப் பரிசோதனையோடுதான் அது. கண் நிறம் மாறுவது, இரு கண்மணிகளும் வேறு வேறு அளவில் தெரிவது இவையும் இதே அவசரம்தான்.

கேள்வி: வீட்டில் இன்னும் நான்கு பூனைகள். தனியாகப் பிரித்து வைக்க வேண்டுமா? எங்களுக்குத் தொற்றுமா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: உங்களுக்குத் தொற்றாது. இது கோவிட் வைரஸ் அல்ல.

மற்ற பூனைகளுக்குச் சாதாரண குடல் வைரஸ் ஏற்கெனவே போயிருக்கும். உருமாறிய வைரஸ் பொதுவாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவதில்லை. இதற்கு விலக்கு சைப்ரஸ் தீவில் 2023இல் பரவிய வகை. நாயின் கரோனா வைரஸோடு கலந்து உருவான அது நேரடியாகவே பரவியது, அந்நாட்டு அரசு மனிதர்களுக்காக வைத்திருந்த கோவிட் மாத்திரைகளைப் பூனைகளுக்குத் திறந்துவிட வேண்டியதாயிற்று. அந்த வகை இல்லாத இடத்தில் கவனம் மலத்தட்டில் இருக்கட்டும். வைரஸ் மலத்தில்தான் வெளியேறுகிறது, காய்ந்த இடத்தில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஐந்து பூனைக்கு ஆறு தட்டு, தினம் இரண்டு முறை அள்ளுங்கள், சாப்பாட்டுக் கிண்ணம் தட்டுக்கு அருகில் வேண்டாம். வாரம் ஒரு முறை தட்டை முதலில் சோப்பால் கழுவி, பிறகு ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, அலசி வெயிலில் வையுங்கள். கழுவாமல் ப்ளீச் ஊற்றினால் சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுப்புகை கிளம்பும். தரை துடைக்கும் ஃபினாயில் இந்த வீட்டில் வேண்டவே வேண்டாம், பாதத்தை நக்கும் பூனைக்கு அது விஷம்.

கேள்வி: 84 நாள், அதாவது 12 வாரம், மருந்து கொடுப்பது கட்டாயமா? பூனை இருபதாம் நாளே துள்ளி விளையாடுகிறது. கருத்தடை, தடுப்பூசி எப்போது?
— வாசகி, ஈரோடு

பதில்: துள்ளுவதை வைத்து நிறுத்தாதீர்கள். நீர் இரண்டு வாரத்தில் வற்றிவிடும், குளோபுலினும் ரத்தசோகையும் சரியாக இன்னும் பல வாரம் ஆகும். நீர் உறிஞ்சப்படும்போது குளோபுலின் தற்காலிகமாக ஏறுவதும் உண்டு, பயப்பட வேண்டாம். மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஈர வகைப் பூனைகள் 40ஐ வைத்துச் செய்து 2024இல் வெளியான ஆய்வில் 42 நாள் சிகிச்சை 84 நாளுக்கு இணையாக இருந்தது. ஆனால் அவை கிலோவுக்கு 15 மி.கி. துல்லியமாகப் பெற்று, அடிக்கடி பரிசோதிக்கப்பட்ட பூனைகள். ரத்தமும் ஸ்கேனும் முழுக்கச் சரியாகி, மருத்துவரும் ஒப்புக்கொண்டால் ஈர வகைக்கு 42இல் நிறுத்துவதை யோசிக்கலாம். கண், மூளை பாதித்திருந்தாலோ இடையில் வேளைகள் தவறியிருந்தாலோ 84தான்.

ரத்தப் பரிசோதனை தொடக்கத்தில், இரண்டாவது வாரம், ஆறாவது வாரம், நிறுத்துவதற்கு முன் என நான்கு முறையாவது வேண்டும். கல்லீரல் நொதி லேசாக ஏறினால் மருந்தை விட வேண்டாம். நிறுத்திய பின் 12 வாரம் கண்காணிப்பு: வாராவாரம் எடை, பசி, சந்தேகம் வந்தால் வெப்பநிலை. நோய் திரும்பினால் அளவைக் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. கூட்டி மறுபடி தொடங்குவார்கள், பல பூனைகள் அதிலும் தேறுகின்றன. கருத்தடையை அந்த 12 வாரம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெண் பூனை ஓயாமல் கத்தி, சாப்பிடாமல் அலைந்தால் அந்த மன அழுத்தமே பெரிது, மருந்து ஓடும்போதே செய்துவிடலாம். வெறிநாய்க்கடி தடுப்பூசியைத் தேறிய பூனைக்கு வழக்கம் போலப் போடலாம்.