பாடப்புத்தகம் இல்லாத பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இந்தத் தவணை என்ன படித்தார்கள்?

தங்கச்சி, செப்டம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்து, மகளை இயர் 2இலும் மகனை இயர் 4இலும் சேர்த்திருக்கிறீர்கள். பாடப்புத்தகம் இல்லை, பாடக் கொப்பியும் வீட்டுக்கு வருவதில்லை. "என்ன படிச்சனீ?" என்று கேட்டால் "ஒண்டுமில்லை, விளையாடினம்" என்கிறார்கள். கிறிஸ்மஸ் லீவு வரப்போகிறது, ஒரு தவணை வீணாகிவிட்டதா என்பது உங்கள் கேள்வி.

வீணாகவில்லை. இங்கே பாடத்திட்டம் மிக இறுக்கமானது; அது புத்தகமாகக் கையில் வராது, அவ்வளவுதான். அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் எந்த ஆண்டில் எந்தப் பாடத்தில் என்ன படிப்பிக்கிறோம் என்பதைத் தங்கள் இணையத்தளத்தில் போட்டே ஆகவேண்டும். 'கரிகுலம்' (Curriculum, பாடத்திட்டம்) என்ற பகுதிக்குப் போய் 'ஓட்டம் டேர்ம்' (Autumn Term, செப்டம்பரில் தொடங்கும் இந்தத் தவணை) என்று தேடுங்கள். வருடம் மூன்று தவணை, ஒவ்வொன்றும் நடுவில் ஒரு வார விடுமுறையால் பாதியாகப் பிரிகிறது. ஆகவே ஓட்டம் 1, ஓட்டம் 2 என்று இரண்டு பத்திகள் இருக்கும். சிறுவருக்கு எந்த ஃபோனிக்ஸ் (எழுத்துகளின் ஒலிகளைக் கூட்டி வாசிக்கும் முறை) திட்டத்தில் வாசிப்புப் பழக்குகிறார்கள் என்பதும் அங்கேயே இருக்கும். 'லிட்டில் வாண்டில்', 'ரீட் ரைட் இங்க்' என்று ஏதாவது ஒரு பெயர். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலிகளைக் கற்பிக்கும் ஒழுங்கு திட்டத்துக்குத் திட்டம் மாறும். வேறொன்றை யூடியூப்பில் போட்டுக் காட்டினால் பிள்ளை குழம்பும்.

மகளுக்கு இப்போது முதல் வேலை இந்த ஃபோனிக்ஸ்தான். ஆங்கிலத்தின் ஏறத்தாழ 44 ஒலிகளையும் அவற்றை எழுதும் முறைகளையும் படிப்படியாகக் கற்பிக்கிறார்கள். நம் பெற்றோர் பிழைவிடும் இடம் ஒன்று உண்டு. எழுத்தைக் கண்டதும் 'எம்', 'டி' என்று அதன் பெயரைச் சொல்லிக்கொடுப்பார்கள், அல்லது 'ம', 'ட' என்று அகரத்தை ஒட்டிச் சொல்வார்கள். 'க-அ-ட' என்று கூட்டினால் பூனையைக் குறிக்கும் 'cat' வராது, 'கஅட' என்ற ஒன்றுதான் வரும். பள்ளிக்கூடம் கேட்பது மெய்யெழுத்தை: புள்ளி வைத்த ம், ட், க். மெய்யும் உயிரும் படித்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் ஆங்கிலச் சொல்லின் மேலே தமிழில் உச்சரிப்பு எழுதிக் கொடுக்காதீர்கள். ஆங்கில 'p'க்கும் 'b'க்கும் நம்மிடம் ஒரே ப தான். பிள்ளை அந்த வித்தியாசத்தைக் கேட்கப் பழகவேண்டிய காலத்தில் நாமே அதை மறைத்துவிடுகிறோம்.

ஜூனில் இதற்கு ஒரு சோதனை உண்டு. வழக்கமாக இயர் 1இல் எடுப்பது; அதை எடுக்காமல் இயர் 2க்கு வந்த பிள்ளைகளும் எடுக்கவேண்டும். மொத்தம் 40 சொற்கள், ரீச்சருக்குத் தனியாக வாசித்துக் காட்டவேண்டும். அதில் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வேற்றுக்கிரகப் பிராணியின் படம் இருக்கும். கெட்டிக்காரப் பிள்ளைகள் சறுக்குவதும் இங்கேதான்: தெரிந்த சொல்லாக மாற்றி வாசித்துவிடுவார்கள். படம் இருந்தால் உள்ளதை உள்ளபடி ஒலி ஒலியாக வாசி என்று பழக்கினால் போதும். பிள்ளை மிக அண்மையில் வந்து ஆங்கில ஒலிகளே பிடிபடவில்லை என்றால் அதிபர் விலக்கு அளிக்கலாம். அது தண்டனையல்ல, பயப்பட வேண்டாம்.

வாசிப்புப் புத்தகம் மிக இலகுவாக இருக்கிறதே என்று ரீச்சரிடம் முறையிடுபவர்கள் பலர். அது வேண்டுமென்றே அப்படி. படித்து முடித்த ஒலிகளால் ஆன புத்தகத்தைத்தான் கொடுப்பார்கள். ஒரே புத்தகத்தை மூன்று நாள் வாசிக்கட்டும்: முதல் நாள் எழுத்துக்கூட்டி, அடுத்த நாள் தட்டாமல், மூன்றாம் நாள் குரலில் உணர்ச்சியோடு. புத்தகத்தோடு வீட்டுக்கு வரும் வாசிப்புக் கொப்பியில் தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள். ஆங்கிலம் பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, ரீச்சர் அதைப் பார்க்கிறார்.

கணக்குக்கு வருவோம். பெரும்பாலான பள்ளிக்கூடங்களில் இந்தத் தவணையின் பெரும்பகுதி இடப்பெறுமானத்துக்கும் கூட்டல் கழித்தலுக்கும் போகும். இயர் 2இல் 100 வரை, இயர் 4இல் 10,000 வரை. மகனுக்கு 10, 100, 1000க்குக் கிட்டிய எண்ணாக்குவதும், 100 வரை ரோம எண்களும் உண்டு. மகளிடம் நிரல்முறையை அவசரப்பட்டுத் திணிக்காதீர்கள். 47+38 ஐ ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி 7+8=15, 4+3=7 என்று போட்டு, 715 என்று விடை எழுதும் பிள்ளைகளைக் கண்டிருப்பீர்கள். அந்த 4 நாற்பது என்பது தெரியாமல் முறையை மட்டும் பிடித்ததன் விளைவு அது. பள்ளிக்கூடம் காட்டும் வழி: 40+30=70, 7+8=15, மொத்தம் 85. அல்லது 47இலிருந்து 2 எடுத்து 38ஐ 40 ஆக்கி, 45+40. முதலில் சுற்றுவழியாகத் தோன்றும். மனக்கணக்குக்கு இதுவே குறுக்குவழி. நாம் 'கடன் வாங்குவது' என்பதை இங்கே 'எக்ஸ்சேஞ்ச்' என்பார்கள், ஒரு பத்தைக் கொடுத்து பத்து ஒன்றுகள் மாற்றுவது. அந்தச் சொல்லையே வீட்டிலும் பாவியுங்கள்.

மகனுக்கு உண்மையான அவசரம் வாய்ப்பாடு. இயர் 4 முடிவில் 12×12 வரை தெரிந்திருக்கவேண்டும். ஜூனில் கணினியில் 25 கேள்விகள் வரும். ஒவ்வொன்றுக்கும் 6 வினாடி, இடையில் 3 வினாடி ஓய்வு. சித்திப் புள்ளி என்று ஒன்றும் இல்லை. 7×8 கேட்டால் ஏழாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து ஒப்புவிக்கும் பிள்ளைக்கு நேரம் போதாது. 6, 7, 8, 9, 12 இலிருந்துதான் அதிகம் வரும், ஆகவே அவற்றை மாற்றி மாற்றி, தினமும் ஐந்து நிமிடம் கேளுங்கள். தமிழில் பாடமாக்கியிருந்தால் அதை அழிக்கத் தேவையில்லை. கேள்வி திரையில் இலக்கத்தில் வரும், விடையும் இலக்கத்தில் தட்டவேண்டியதுதான்.

இலக்கணத்தில் மகனின் கொப்பியில் 'ஃப்ரண்டட் அட்வேர்பியல்' என்று ஏதோ பயங்கரமாக இருக்கும். எப்போது, எங்கே, எப்படி என்பதை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைத்து ஒரு கமா போடுவது, அவ்வளவே. தமிழில் நாம் வழமையாகவே அப்படித்தான் கதைக்கிறோம்; கமாவை மட்டும்தான் பிள்ளைகள் மறப்பார்கள்.

வரலாறும் விஞ்ஞானமும் எந்தத் தவணையில் எது என்பது பள்ளிக்கூடத்தின் விருப்பம். இயர் 2இல் 1666 லண்டன் பெருந்தீ, இயர் 4இல் ரோமர் ஆட்சி, மின்சுற்று, ஒலி, திண்மம் திரவம் வாயு ஆகியவற்றை அடிக்கடி காணலாம். இவற்றைத் தமிழில் விளக்குங்கள். ஆவியாதல் என்ன என்று தமிழில் விளங்கிய பிள்ளைக்கு வகுப்பில் புதிதாக வேண்டியது ஒரு ஆங்கிலச் சொல் மட்டும்தான்.

"என்ன படிச்சனீ?" என்பதற்குப் பதில் வராது. இணையத்தளத்தில் பார்த்துவிட்டு, "தீ எந்தத் தெருவில் தொடங்கினதாம்?" என்று கேட்டால் 'புடிங் லேன்' பேக்கரியிலிருந்து தொடங்கி நிறுத்தாமல் சொல்வாள்.

பெற்றோர் சந்திப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "நல்ல பிள்ளை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்: மகள் ஃபோனிக்ஸில் எந்தக் கட்டத்தில் நிற்கிறாள்? மகனுக்கு எந்த வாய்ப்பாடு தடக்குகிறது? வயதுக்கு எதிர்பார்க்கும் நிலையில் இருக்கிறார்களா, அதற்குக் கீழேயா? மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்பே அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அந்த வேலைக்கு மகனைப் பக்கத்தில் இருத்தாதீர்கள், தன்னைப் பற்றிய குறையை எந்தப் பிள்ளையும் முழுதாக மொழிபெயர்க்காது.